தவளைக்குச் சீனி, தாளாளருக்குக் கஞ்சி

டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை என்பது, துடிக்கும் என்று பாடப்புத்தகம் எழுதிவிட்டுப் போனதை எல்லார் முன்னாலும் துடிக்கவைத்துக் காட்டுவது. தென்காசியில் ஒரு கல்லூரியில் பியூசி பையன்களுக்கு நான் தவளை இருதயத்தைத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம், தாளாளர் மனம் வைத்தால் நிரந்தரம். அப்படிக் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காலி டப்பா

தவளை இருதயத்தை எடுத்து உப்புநீர்க் குழாயில் மாட்டினால் அதுபாட்டுக்குத் துடிக்கும். குழாயை அடைத்தால் சோர்ந்து நின்றுவிடும். திறந்துவிட்டால் மறுபடி துடிக்கும், ஆனால் ஏனோதானோவென்று. ஓட்டம் திரும்பினால் மட்டும் போதாது, எரிக்கச் சரக்கும் வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்ததும் சுறுசுறுப்பாகிவிடும்.

ஒருநாள் டப்பாவைத் திறந்தால் குளுக்கோஸ் இல்லை. அட்டெண்டர் பீர் முகம்மதைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"சாரல் குளிருல்லா சார், சுக்குக்காப்பியில போட்டுட்டேன். நம்ம இருதயமும் இருதயந்தானே?"

ஒரு சந்தேகம்

சுரண்டையிலிருந்து வந்து படித்த பையன் ஒருவன் குழாயில் தொங்கும் இருதயத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு பவ்யமாகக் கையைத் தூக்கினான்.

"தவளதான் செத்துப்போச்சே, இது யாருக்காவ வேல பாக்குது? இதுவும் டெம்பரரியா சார்?"

தாளாளர் வந்தார்

தாளாளருக்கு அப்போதுதான் ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது. டாக்டர் நெய்யை நிறுத்தினார். மனைவி, நாங்கள் ஆச்சி என்போம், சீனியையும் சேர்த்து நிறுத்தி, இனி கஞ்சிதான் என்று சொல்லிவிட்டார். என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க இருவரும் லேபுக்கு வந்தார்கள். இருதயத்தை நிறுத்தி, ஓட்டிக் காட்டி, புது டப்பாவிலிருந்து குளுக்கோஸ் கொடுத்தேன். அது துள்ளியது. தாளாளர் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, ரத்தம் திரும்பினப்புறம் என் இருதயம் எதக் கேக்கும்? சீனியா, நெய்யா?"

பின்னால் ஆச்சி முறைத்துக்கொண்டு நின்றார். இருந்தாலும் உள்ளதைச் சொன்னேன். கொழுப்பைத்தான் பாய்ந்து எரிக்கும், ஆனால் அதற்குப் பிராணவாயு கூடுதலாகச் செலவாகும். சீனி கொஞ்சம் சிக்கனம். இரண்டையும் உடம்பே தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொடுத்துவிடும், வாயில் போட வேண்டாம் என்றும் சொன்னேன். அது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

"அப்பம் அல்வாதான் மருந்து. ரெண்டும் அதுல இருக்குல்லா!"

தலையணைக்கு அடியில்

இரண்டு நாள் கழித்து ஆச்சி ஆள் அனுப்பி, குற்றாலத்தில் அவர்கள் தங்கியிருந்த பங்களாவுக்கு என்னை வரச்சொன்னார். மேஜைமேல் பாதி தீர்ந்த அல்வாப் பொட்டலம். தலையணைக்கு அடியில் பிடிபட்டதாம். தாளாளர் கட்டிலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த வழியெல்லாம் எனக்கு வேலையைப் பற்றிய கவலையைவிட, மனுஷனுக்கு மறுபடி நெஞ்சு அடைத்துவிட்டதோ என்கிற பயம்தான். அவர் ஒரு கேடுமில்லாமல் குத்துக்கல்லாட்டம் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆச்சி அதைக் கவனித்தார். கணவர் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தம்பிக்கு வேலயப் போட்டுக் குடுங்க. தவள இருதயத்த அவரு பாக்கட்டும், ஒங்க இருதயத்த நான் பாத்துக்கிடுதேன். இனி லேபு பக்கம் காலெடுத்து வச்சியளோ, கஞ்சியுங் கெடையாது!"

நின்று ஓடிய இருதயத்துக்கு எது நல்லது என்று யார் கேட்டாலும், அவருக்குப் பின்னால் வீட்டம்மா நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் இன்றைக்கும் வாயைத் திறக்கிறேன்.