மன்னார் கதைக்கிறன்

மதியம் இரண்டு மணிக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தால் அது மன்னார்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் பத்திரிகைக் கந்தோரில் பத்தொன்பது வருடமாக அந்த வழமை தவறியதில்லை. போன செவ்வாயும் அடித்தது. "மன்னார் கதைக்கிறன், எழுதுங்கோ" என்ற குரலுக்காகப் பேனையை எடுத்தேன். "பேசாலையில இருந்து கதைக்கிறன் பிள்ளை. உங்கட மன்னார் நிருபர் விடிய மோசம் போயிட்டார்" என்றது வேறொரு குரல். "ஓம், சொல்லுங்கோ" என்று அதையும் செய்தியாக எழுதத் தொடங்கினேன். பழக்கதோஷம். ஒரு வரி எழுதிய பிறகுதான், செத்தது மன்னார் என்று உறைத்துக் கை நின்றது.

இதை வாசிக்கிற, அவரை அறிந்த உங்களுக்கு அவர் முகம் தெரியும். எனக்குக் குரல் மட்டும்தான். நாங்கள் ஒருநாளும் சந்தித்ததில்லை. நான் அவருக்கு 'யாழ்ப்பாணம்'. அவர் எனக்கு 'மன்னார்'. அவரும் தனி ஆள், நானும் தனி ஆள். சில நாள்களில் நான் மனம்விட்டுக் கதைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருந்திருப்பார். அதை அவருக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிய பிறகும் அவர் வாயால்தான் செய்தி சொல்லுவார். பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லுவார். "றாலில வாற பெரிய ற, யாழ்ப்பாணம். ரதத்தில வாற சின்ன ர இல்லை." ஒருமுறை ஒரு பாலத் திறப்பு விழா. அமைச்சர், செயலாளர், தவிசாளர் என்று ஒன்பது பெயர்கள் சொன்னார். அதற்குப் பிறகு சீமெந்து குழைத்த மூன்று பேரின் பெயர்கள். "இடமில்லை மன்னார்" என்று வெடுக்கென்று சொன்னேன். "அமைச்சரின்ர பேர் எல்லாருக்கும் தெரியும். அதை வெட்டிப்போட்டு இவையின்ர பேரைப் போடுங்கோ" என்றார். சிரித்துவிட்டேன். அமைச்சரை வெட்டவில்லை, ஆனால் மூன்று பெயர்களையும் போட்டேன்.

கடற்படை பிடித்துவைத்திருந்த தங்கள் ஊருக்குத் திரும்ப விடச் சொல்லி முள்ளிக்குளத்துச் சனம் வீதியில் இருந்த நாள், தொலைபேசி ஒரே கரகரப்பு. நான் முள்ளியவளை என்று எழுதிவிட்டேன். அது முல்லைத்தீவுப் பக்கத்தில் வேறோர் ஊர். அப்படியே அச்சாகியும்விட்டது. சனம் பத்திரிகையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி ஏசியிருக்கிறது. "ஊருக்குள்ள போகேலாத சனம், யாழ்ப்பாணம். ஊரின்ர பேராவது சரியா இருக்கட்டும்" என்றார் என்னிடம். அவ்வளவுதான். என்னையும் நாலு ஏச்சு ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருத்திய செய்தியைச் சொல்லி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "இதில மட்டும் என்ர பேரைப் போடேலுமோ? பிழையெண்டால் ஆரை ஏசிறதெண்டு சனத்துக்குத் தெரியட்டும்." ஊர் நிருபர்களின் பெயரை நாங்கள் போடுவதில்லை. "கேட்டுச் சொல்லுறன்" என்றேன். கேட்கவில்லை. ஆசிரியரோடு வாய் கொடுக்கச் சோம்பல், பஞ்சி. 'மன்னார் நிருபர்' என்றே செய்தி வந்தது. அவர் திரும்பக் கேட்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய மரணச் செய்தியை எழுத உட்கார்ந்தால், எனக்கு அவர் பெயரை எழுதத் தெரியவில்லை. கந்தோர்க் கோப்பில் செபஸ்டியன் என்று இருந்தது. ஆசிரியர் செபஸ்ரியன் என்றார். ஊர்ப் பெயரெல்லாம் எழுத்துக்கூட்டித் தந்த மனிதரிடம் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று நான் ஒருநாள் கேட்டேனா? சீ என்று போனது எனக்கு. "பேரைச் சரியாக் கேட்டு நாளைக்குத்தான் போடவேணும்" என்று அன்றுதான் ஆசிரியரோடு சண்டை பிடித்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவருடைய ஊரான பேசாலைக்குப் போனேன்.

செத்தவீட்டு வாசலில் இரண்டு பதாகைகள். ஒன்றில் 'டி', மற்றதில் 'ரி'. உள்ளே பெட்டிக்குள் ஒல்லியான ஒரு மனிதர் கிடந்தார். நான் நினைத்து வைத்திருந்தது பருத்த ஆளை. யாரோ போல இருந்தார்; அழுகை வரவில்லை. தலைமாட்டில் செபமாலையோடு அவருடைய அக்கா.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

"யாழ்ப்பாணம்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களோ அந்த யாழ்ப்பாணம்! ரெண்டு மணிக்கு ஒருத்தரும் அவனோட கதைக்கேலாது. 'பொறு அக்கா, யாழ்ப்பாணம் பாத்துக்கொண்டிருக்கும்' எண்டுவான்."

அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே பெயரைக் கேட்டேன்.

"செபஸ்தியான். எங்கட புனித செபஸ்தியாரின்ர பேர். வாசல்ல தொங்கிறது ரெண்டும் பிழை" என்றார்.

அடக்கம் முடிய மணி இரண்டு. சேமக்காலை மதிலோரம் நின்று கந்தோருக்கு அடித்தேன். என் மேசைத் தொலைபேசியைப் பக்கத்து மேசைப் பிள்ளை எடுத்தாள். "மன்னார் கதைக்கிறன், எழுதுங்கோ" என்று என் வாயில் தானாக வந்தது.

"'மன்னார் நிருபர் காலமானார்' எண்டு தலைப்புப் போட்டு வைச்சிருக்கிறன் அக்கா."

"அதை வெட்டு. பேர் மேல வரட்டும். செபஸ்தியான். திருச்சபையில வாற தி."

"ஓம் அக்கா."

"ஓம் எண்டாமல் திருப்பிச் சொல்லு."

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஆறு எழுத்துத்தான். அதையும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை.