தகர டப்பாவும் தோல் கிடங்கும்

நேத்து நாங்க தோல் பதனிடுற கிடங்குல ஜில்லா சுகாதார இன்ஸ்பெக்டர் ஆளுக்கொரு தகர டப்பா குடுத்தாரு. காலைல வெளிக்குப் போறதுல கொஞ்சம் இதுல போட்டுக் கொண்டாங்கன்னாரு.

"இன்னாத்துக்குங்க ஐயா?"ன்னேன்.

"வயித்துல ரத்தத்தை உறிஞ்சுற கொக்கிப்புழு இருந்தா, இதுல அதோட முட்டை தெரியும். ஆராய்ச்சி பண்ணிட்டு மருந்து குடுப்போம். எல்லாம் இனாம்."

என் கண்ணு ரெப்பையை இழுத்துப் பாத்து, "உனக்கு ரத்தமே இல்லியேப்பா"ன்னாரு.

இனாம்னதுமே எனக்கு உறுத்திச்சு. தோலு மெத்துன்னு ஆவ நாங்க நாய்ப் பீயைத்தான் கரைச்சு ஊறப்போடுறோம். அதுக்கு இப்போ எம்மாங் கிராக்கி!

அவரு அந்தாண்ட போனதும் மேஸ்திரி சொன்னாரு: "புழுவாவது கிழுவாவது! நாயோடது கிடைக்கலன்னு எவனோ மொதலாளி மனுஷனோடதுல ஊறப்போட்டுப் பாக்குறான். நம்ம உழைப்பு பத்தலியாமா அவனுக்கு?"

எனக்கும் அது சரின்னுதான் பட்டுது.

இன்னிக்குக் காலைல அத்தினி பேரும் எங்களோடதைக் குடுக்காம, கிடங்குத் தொட்டியிலேருந்து நாயோடதையே வழிச்சு டப்பாவுல போட்டோம். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கினு, ஒவ்வொண்ணுலயும் எங்க பேரை ஒட்டி எடுத்துக்கினு போய்ட்டாரு.

சாயந்தரம் தோல் கட்டைத் தூக்கினேன். நாலடி வைக்கறதுக்குள்ள மூச்சு வாங்கி உக்காந்துட்டேன்.

இப்போ ஒரே ஒரு சந்தேகம். நிஜமாவே மருந்து வந்துட்டா, அதை முழுங்க வேண்டியது நானா, நாயா?

தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.