ஹேங்க் ஆன டீச்சர்

போன வாரம் எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான். அப்டேட் பண்ணினோம். அவ்வளவுதான், படுத்துவிட்டது!

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். திரையின் மூலையில் ஒரு கட்டம் வந்து நிற்கும். 'உங்கள் கம்ப்யூட்டர் புதிய பதிப்புக்குத் தயார்' என்று சொல்லும். 'இப்போதே', 'பிறகு நினைவூட்டு' என்று இரண்டு பட்டன்கள். வேண்டாம் என்று சொல்ல பட்டனே கிடையாது, கவனித்தீர்களா? நானும் மாதக்கணக்கில் 'பிறகு, பிறகு' என்றே தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன்.

மேல்மாடி வெங்கட்ராமன் சார் வந்தார். அணுசக்தி நகரில் இருந்து ரிட்டயர் ஆகி, எங்கள் செம்பூர் பில்டிங்குக்குக் குடிவந்தவர். நல்ல மனிதர். பேப்பர் வாங்கிப் போக வந்தவர் கட்டத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது, அப்டேட் பண்ணாம வெச்சிண்டிருக்கேள்? ரொம்ப டேஞ்சர்!"

அணு உலைப் பக்கம் வேலை பார்த்தவர் டேஞ்சர் என்று சொன்னால் பயம் வராதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அவரே 'இப்போதே'வை அமுக்கிவிட்டார்.

அதற்கப்புறம் லேப்டாப்பைத் திறந்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வந்து சேர்வதற்குள் என்ன எழுத வந்தோம் என்பதே மறந்துபோகும். நடுவில் ஒரு சக்கரம். சுற்றிக்கொண்டே... சுற்றிக்கொண்டே...

எனக்கென்றால் பரவாயில்லை. விஷயம் என் மனைவி வடிவு சம்பந்தப்பட்டது.

வடிவு, தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து சமீபத்தில் ரிட்டயர் ஆனவள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. காய்கறிக்காரர் கூட்டிச் சொல்லும்போதுகூட, "ஸ்டெப் பை ஸ்டெப் பதாவோ பையா" என்று படிப்படியாகச் சொல்லச் சொல்கிற நிலைமை.

காட்கோபரில் ஒரு கோச்சிங் சென்டருக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கே இருந்த சின்னப் பெண் சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, ஹமே யங் ஃபேகல்ட்டி சாஹியே" என்று, சின்ன வயசு டீச்சர்தான் வேண்டுமென்று அனுப்பிவிட்டாள்.  வீட்டுக்கு வந்த வடிவு கண்ணாடி முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. நானும் சொல்லவில்லை.

அப்புறம்தான் துபாயில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் குடியிருப்பில் சில தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் வேண்டுமாம். முதலில் ஒரு டெமோ கிளாஸ். அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால்தான் மேற்கொண்டு.

வடிவு முகத்தில் ரொம்ப நாள் கழித்து அந்தப் பழைய ஸ்டாஃப் ரூம் களை. டெமோ சனிக்கிழமை. லேப்டாப் படுத்ததோ வியாழக்கிழமை.

"ஏங்க, இது என்ன இப்படி சுத்திக்கிட்டே கெடக்கு? எப்பங்க முழிக்கும்?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

வெங்கட்ராமன் சாரைக் கூப்பிட்டேன். அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர்போல முள்ளையும் கோட்டையும் பார்த்தார்.

"டிஸ்க் நூறு பெர்சென்ட்ல ஓடறது சார்."

"அது நல்லதா?"

"ரியாக்டர்னா நல்லது. இதுக்கு நல்லதில்லை."

ஸ்பீடைக் கூட்டுமாம், ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மச்சினன் செல்வம் வந்தான். வடிவின் தம்பி. தாராவியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் சிரித்தான்.

"அத்தான், இதுக்குப் போயா டென்சன் ஆவுதிய? ஃபார்மட் அடிச்சிருவோம். எல்லாம் ஸாஃப்!"

"ஏல, அதுல என் பாடமெல்லாம் இருக்கு. கைய வச்சே, கொன்னுருவேன்" என்றாள் அக்கா.

செல்வம் பின்வாங்கினான். ஃபார்மட்டுக்குப் பதிலாக ஒரு ஆன்டிவைரஸ், குப்பை கூட்டும் சாஃப்ட்வேர் ஒன்று, அடியில் வைக்க ஒரு ஃபேன். அவனும் ஒரு ரீஸ்டார்ட்.

வெள்ளிக்கிழமை காலையில் வெங்கட்ராமன் சார் திரும்பி வந்து, "யார் இந்த ஆன்டிவைரஸைப் போட்டா? ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. ரெண்டும் ஒண்ணையொண்ணு வைரஸ்னு நினைச்சிண்டு அடிச்சிக்கும்!" என்றார். தன் பங்குக்கு இன்னொன்று ஏற்றினார். ரீஸ்டார்ட்.

மத்தியானம் செல்வம் போன் போட்டு, "அந்தப் பெரியவர் போட்டதை எடுத்துருங்க அத்தான்" என்றான். எடுக்கப் போனேன். சக்கரம் சுற்றியது. ரீஸ்டார்ட்!

நம் வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்தால் என்ன நடக்கும்? வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். எல்லாவற்றையும் குடித்த நோயாளி, காய்ச்சலைவிடக் கஷாயத்தால்தான் அதிகம் கஷ்டப்படுவார். லேப்டாப் கதையும் அதுதான்.

சனிக்கிழமை வந்தது. வடிவு நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கேமராவுக்குத் தெரியாத பக்கம் நான், வெங்கட்ராமன் சார், செல்வம் மூவரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல நின்றோம்.

லேப்டாப் எப்படியோ மூச்சை இழுத்துப்பிடித்து துபாயைக் காட்டியது. மூன்று குழந்தைகள், பின்னால் அம்மாக்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். வடிவு நல்ல டீச்சர். ஆனால் வேகம் அதிகம். கேள்வியைக் கேட்பாள், மாணவன் வாயைத் திறப்பான், அதற்குள் விடையையும் அவளே சொல்லிவிடுவாள். அறுபது பிள்ளைகள் உட்கார்ந்த கிளாஸில், பெல் அடிப்பதற்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கம்.

அன்றைக்கும் ஜோராக ஆரம்பித்தாள்.

"ஒரு டாக்சி செம்பூர்ல இருந்து மாட்டுங்காவுக்கு மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துல போவுது. திரும்பி வாரப்ப டிராஃபிக். பத்து கிலோமீட்டர் வேகம்தான். மொத்தத்துல சராசரி வேகம் என்ன?"

"இருபது மிஸ்!" என்று ஒரு பையன் கத்தினான்.

"அப்படியா?" என்று வடிவு புருவத்தை உயர்த்தினாள். அடுத்த நொடி, 'தப்பு, பதினஞ்சு' என்று சொல்லியிருப்பாள்.

சக்கரம் வந்துவிட்டது.

துபாய் அப்படியே உறைந்து நின்றது. சத்தமும் இல்லை. வடிவு பட்டனைத் தட்டினாள். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" ஒன்றும் இல்லை.

"டீச்சர், ஏதாவது ஒண்ணை க்ளோஸ் பண்ணுங்கோ!"

"யக்கா, ரீஸ்டார்ட் போடு!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "போச்சுங்க. அந்தக் காட்கோபர்ப் பிள்ள சொன்னது சரிதான் போல."

 தோளில் கையை வைத்தேன். செல்வம் ஃபேனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வெங்கட்ராமன் சார் தரையைப் பார்த்தார்.

திடீரென்று லேப்டாப்புக்கு உயிர் வந்தது. முதலில் சத்தம்.

"பதினஞ்சு மிஸ்! பதினஞ்சு! தூரம் முப்பது கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டோம். போக ஒரு மணி நேரம், வர மூணு மணி நேரம். அறுபது கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம்!"

செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் ஏது? ஆனால் விடை சரி. மூன்று குழந்தைகளும் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கரெக்ட்... வெரி குட்" என்றாள். மீதி நேரம் எப்படியோ ஓடியது.

சாயங்காலம் அந்தப் பையனின் அம்மாவிடமிருந்து போன். வடிவு பயந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், நாங்க நிறைய டெமோ பாத்துட்டோம். எல்லாரும் படபடன்னு அவங்களே பேசிட்டுப் போயிடறாங்க. நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேட்டுட்டுப் பேசாம இருந்தீங்க. அந்தப் புருவத்தைத் தூக்கிட்டு ஒரு பார்வை பாத்தீங்க பாருங்க... அசையவே இல்ல! இவனுக்கு டவுட் வந்து, மூணு பேரும் அடிச்சுப் பிடிச்சு அவங்களே போட்டுட்டாங்க. எங்களுக்கு நீங்கதான் மிஸ் வேணும்."

எங்களுக்கு அவர்கள் உறைந்து தெரிந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு வடிவு உறைந்து தெரிந்திருக்கிறாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வடிவு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"பிள்ளைங்களுக்கு யோசிக்க டைம் கொடுக்கணும்லா மேடம்" என்றாள்.

அன்றே ஆட்சி மாறியது. 'இனிமே லேப்டாப்ப யாரும் தொடக்கூடாது' என்று உத்தரவு. இரண்டு டாக்டர்களும் ஏற்றியதையெல்லாம் வடிவே ஒவ்வொன்றாக நீக்கினாள். சார்ஜரில் போட்டுத் திறந்தபடி விட்டுவிட்டாள். புது அப்டேட் உள்ளுக்குள்ளே ஏதோ அடுக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது போலும். நாங்கள்தான் ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட் என்று அதை ஒரு வேலையும் முடிக்கவிடவில்லை. திங்கட்கிழமை பார்த்தால் ஜம்மென்று ஓடுகிறது.

முந்தாநாள் முதல் கிளாஸ். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கேள்வி கேட்கும் சத்தம் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. ஐயையோ, மறுபடியுமா? ஓடினேன்.

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. குழந்தைகள் நோட்டில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவு புருவத்தை உயர்த்தியபடி, சிலைபோல உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், கேமராவுக்குத் தெரியாமல் கையை ஆட்டி 'போங்க, போங்க' என்றாள்.

மற்றவர்கள் யோசிக்கும்போது நாம் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! நம்மில் எத்தனை பேரால் முடிகிறது?

ஒரே ஒரு தொந்தரவு. இந்த மெத்தட் கிளாஸோடு நிற்கவில்லை. நேற்று, "டப்பால இருந்த அல்வாவ யாரு தின்னா?" என்று கேட்டுவிட்டு, புருவத்தை உயர்த்தி என் எதிரில் அசையாமல் நின்றாள்.

சுகர்க்காரன் நான். எவ்வளவு நேரம்தான் தாங்குவேன்?