வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே

பயில்வான் என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் அந்த உடம்புக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. உடம்பை விடுங்கள், மனசு அதைவிட ஒல்லி. நாய் குரைத்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவார். மாடிப்படியின் கைப்பிடியை விடமாட்டார். டெலிபோன் அடித்தால் "யாருக்கு என்னாச்சு?" என்பதுதான் அவருடைய ஹலோ. வீட்டோடு ஒட்டிய பட்டறையில் இத்தனை வருஷம் கார் மெக்கானிக்காக இன்ஜினோடு குடித்தனம் நடத்தியும், காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டேதான் வருவார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மனைவி எதற்கும் அசையாதவள். மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வளைவும் ஏற்றமுமான அந்தச் சாலையில் தினமும் தன் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவாள். அவள் வாசலைத் தாண்டியதிலிருந்து திரும்பி வரும்வரை பயில்வானுக்குத் தெருவில் எந்த ஹாரன் கேட்டாலும் அவள் வண்டியோ என்று இருக்கும். வந்ததும் அவளைப் பார்க்க மாட்டார், காரின் நான்கு பக்கத்தையும் பார்ப்பார். "நான் முழுசாத்தான் வந்திருக்கேன், உள்ள வாங்க" என்பாள் அவள்.

அவருக்குப் பயமே இல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், இன்ஜினின் உட்புறம். அங்கே ஒரு பாகத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தெரியும். அளந்து பார்க்கலாம். சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நாயிடமும் மாடிப்படியிடமும் அந்தச் சௌகரியம் கிடையாது.

ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, சாவியைப் பட்டறை மேஜைமேல் வீசினாள்.

"மேடு முழுக்க லாரிப் புகையைக் குடிச்சுக்கிட்டே போறேங்க. தாண்டலாம்னு மிதிச்சா வண்டி உக்காந்து யோசிக்குது. யோசிக்காத மாதிரி ஒரு இன்ஜின் பண்ணிக் குடுங்க."

இந்தச் சேதி அவளுடைய தம்பிக்கு எப்படியோ எட்டிவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அக்காவுக்காக இருக்கிறதிலேயே பெரிய இன்ஜின் மூடியை, அதாவது சிலிண்டர் ஹெட்டை, தோளிலும், பந்தயக் கார் கேம் ஷாஃப்ட் ஒன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"பெருசாவே போட்டுருங்க மாமா. கம்ப்ரஷனையும் பதினொண்ணுக்கு ஏத்திருங்க. அக்கா பறக்கட்டும்."

"பறக்க வேணாம் தம்பி, மேடு ஏறினாப் போதும். இந்த ஹெட்டுல காத்து போற துளை பெருசு. முழு வேகத்துலதான் இது ஒழுங்கா மூச்சு விடும். மெதுவாப் போறப்போ காத்து சோம்பேறியா உள்ள வரும், இழுவையே இருக்காது. உன் கேம் இருக்கே, வால்வை ரொம்ப நேரம் தொறந்து வெச்சிருக்கும். சிக்னல்ல நின்னா வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும்."

"கம்ப்ரஷன்?"

"பதினொரு மடங்கு அமுக்கினா இங்க விக்கிற பெட்ரோல் தாங்காது. பிளக் பத்த வைக்கிறதுக்குள்ள தானா வெடிச்சு பிஸ்டனைச் சுத்தியலால அடிக்கும். உங்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறா, பந்தயத்துக்குப் போகல."

சின்னத் துளை ஹெட், நடுத்தரமான கேம், ஒன்பதரைக் கம்ப்ரஷன் என்று பயில்வான் முடிவுகட்டினார். இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்துப் பேசி ஒத்துப்போக வேண்டும், ஒன்று மட்டும் துள்ளினால் குடும்பம் உருப்படாது என்பது அவர் கட்சி. அந்த முடிவில் இன்றுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

புது கேம் வால்வைப் பழையதைவிட அதிகமாகக் கீழே தள்ளும். மேலே ஏறி வரும் பிஸ்டனில் அது இடிக்காமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. பிஸ்டன் தலையில் ஒரு உருண்டைக் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையாலேயே சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றுவார்கள். வால்வு அமுக்கின இடத்தில் மண் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறதோ, அதுதான் இடைவெளி. பயில்வான் மண்ணைக் கத்தியால் நறுக்கி அளந்தார். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை அதிகம். போதும். அவர் சிரித்ததை மச்சினனே பார்த்தான்.

அதற்கப்புறம்தான் ஹெட்டின் அடியில் பெட்ரோல் எரியும் குழியில் எண்ணெயை ஊற்றி அளந்தார். கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் ஒன்பதுதான் வந்தது. சொன்ன சொல்லுக்கு அரை குறைகிறதே என்று ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி, அடிப்பக்கத்தை அரை மில்லி சீவிக் குழியைச் சின்னதாக்கச் சொன்னார். அது வந்ததும் இன்னொரு யோசனை. ஏற்றத்தில் இழுவை கூடட்டும் என்று கேமைக் கொஞ்சம் முன்னால் திருப்பி வைத்தார், வால்வு சற்றுச் சீக்கிரம் திறக்கும். இரண்டுமே நல்ல வேலைதான். பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அவள் கைதட்டினாள்.

"கொஞ்ச நாளைக்குப் பாதிக்குமேல மிதிக்காதே. இன்ஜின் பழகட்டும்" என்று சொல்லியிருந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே ஓட்டினாள். ஒருநாள் காலையில் எண்ணெய் மாற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே நல்லா மிதிக்கலாம்" என்று அவரே அனுமதி கொடுத்தார். அதற்காகவே காத்திருந்தவள் சிட்டாய்ப் பறந்துவிட்டாள்.

அவள் போனபிறகு பயில்வான் மேஜையைத் துடைத்தார். மூலையில் காய்ந்துபோன அந்தக் களிமண் துண்டு கிடந்தது. குப்பையில் போடக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

இது சீவுவதற்கு முன்னால் எடுத்தது. கேமைத் திருப்புவதற்கும் முன்னால். அப்புறம் எடுத்தோமா?

எடுக்கவில்லை.

சீவினதில் அரை மில்லி போயிற்று. கேமைத் திருப்பினதில் ஏறக்குறைய ஒரு மில்லி. மிச்சம் இருப்பது ஒரு அட்டையின் கனம். மெதுவாக ஓடும்வரை அது போதும். முழுக்க மிதித்தால் வால்வை மேலே இழுக்கும் ஸ்பிரிங் ஈடுகொடுக்க முடியாமல் வால்வு கீழேயே தொங்கும், பிஸ்டன் ஏறி வந்து அதை அடிக்கும். வால்வு உடையும், இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். அவள் எப்போது முழுக்க மிதிப்பாள்? மேட்டில், லாரியைத் தாண்டும்போது, எதிர்த் தடத்தில் ஏறியபிறகு.  

போனை எடுத்தார். மணி போனது, அவள் எடுக்கவில்லை. ஓட்டும்போது பையைப் பின்சீட்டில் போட்டுவிடுவாள். மறுபடி அடிக்கப் போனவர், 'எடுக்கிறேன் பேர்வழி என்று திரும்பினால்?' என்று நினைத்து, போன் சுட்டதுபோல் கீழே வைத்தார். பிறகு பக்கத்துக் கடைக்கு ஓடினார். அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை.

"தம்பி, வேனை எடு. உங்கக்கா..."

"என்னாச்சு மாமா?"

"எடுடா!"

மச்சினனை அவர் 'டா' போட்டதே கிடையாது. அவன் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். வழியில் பயில்வான் விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவன் இன்னும் அழுத்தி மிதித்தான். வளைவுகளில் வேன் சாய்ந்தது, டயர் கத்தியது. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்கிறவர் "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று டேஷ்போர்டைத் தட்டினார். எதிரே இறங்கி வந்த ஒவ்வொரு லாரியின் முன்பக்கத்திலும் அவள் காரின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இப்படி ஒரு பார்வை பார்க்கிற கண்ணை யாராவது பிடுங்கிவிட மாட்டார்களா என்று இருந்தது.

பாதி மலையில் வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் கூட்டம். ரோடெல்லாம் கண்ணாடிச் சில்லு.

பயில்வான் கதவைத் திறந்தார், இறங்க முடியவில்லை.  "நீ போய்ப் பாரு தம்பி. என்னால முடியாது" என்றார். மச்சினன் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தான். அவன் திரும்பி வரும்வரை பயில்வான் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு, அவள் கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அவர் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாட்டில் பெட்டிங்க மாமா! லாரிலேந்து சரிஞ்சிருக்கு. அக்கா வண்டி இல்ல!"

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் பயில்வானிடமிருந்து வந்தது. ஆனால் மலை இன்னும் பாதி மிச்சம் இருந்தது. கூட்டம் விலகி வேன் நகர்வதற்குள் அவர் பாதி செத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றிருந்தது, சாதுவாக, கண்ணாடியெல்லாம் துடைத்து. பயில்வான் பானெட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவள் ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"என்னங்க, ரெண்டு பேரும் இங்க? ஏங்க, என்னா இழுவை! தொட்டாப் போகுதுங்க. இன்னிக்குத்தான் இது வண்டி!"

 இவ்வளவு சந்தோஷமான முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "வால்வு கொஞ்சம் சத்தம் போட்ட மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் நான் ஓட்டிட்டு வரேன்" என்று மென்று முழுங்கினார். மச்சினன் தரையைப் பார்த்தான். சாயங்காலம் அவர் இன்ஜின் சத்தம் ஏறாமல், எறும்புபோல் மலை இறங்கினார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனால் திட்டின. "இதுக்குத்தான் இந்த இன்ஜின் பண்ணீங்களா?" என்று அவள் வழிநெடுகக் கேலி செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் சூடு ஆறும்வரை பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அவள் உடைமாற்றிக்கொண்டு வருவதற்குள் ஹெட்டைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்தார், முடியவில்லை. ஹெட் மேலே வரும்போது அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

நான்கு பிஸ்டனில் மூன்று பழுதில்லாமல் இருந்தன. இரண்டாவதின் தலையில், கரிப் படிவுக்கு நடுவே, நகம் பட்டதுபோல் ஒரு பிறைக் கீறல் பளபளத்தது. பயில்வான் துணியை எடுத்துத் துடைத்தார். கரிதான் போயிற்று, கீறல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"என்னங்க அது?"

இனி மறைக்க முடியாது. "வால்வு தொட்டிருக்கு" என்றார். "நான் அளக்காம விட்டுட்டேன். சீவினப்புறம் ஒருதரம் அளந்திருக்கணும், அளக்கல. இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தீன்னா இன்ஜின் அங்கேயே நின்னுருக்கும். அதான் காலையில ஓடி வந்தேன்."

அவள் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் விளக்கை மேஜைமேல் வைத்தாள். அது உருண்டது. அவரே பிடித்து நிறுத்தினார்.

"ரெண்டு லாரி சேர்ந்தாப்ல போச்சுங்க" என்றாள் மெதுவாக. "ரெண்டையும் ஒரே மூச்சுல தாண்டிரலாம்னு ஏறிட்டேன். பாதியில எதிர்ல ஸ்கூல் பஸ் வந்துச்சு. ஒதுங்க எடமில்ல. நீங்க பண்ண இன்ஜின், இழுத்துரும்னு நெனச்சு காலை எடுக்கவேயில்ல. மயிரிழையில லாரிக்கு முன்னால வந்துட்டேன்."

பயில்வான் துணியை மடித்துக் கீறலின்மேல் வைத்தார்.

"பஸ்ஸுல முன்சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு" என்றாள் அவள். "என்னைப் பாத்துக் கையை ஆட்டிச்சு. நானும் சிரிச்சுக்கிட்டே ஆட்டினேங்க."