பால் நேரத்திலும் எழுந்திருக்கவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை, மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. எங்கள் ஊர்க் குளத்துக்கு மேட்டுப்புறத்தில் ரசாயன ஆலை ஒன்று வரவிருந்தது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்.

அதே நிறுவனத்தின் முதல் ஆலைக்கும் முன்பு இப்படி ஒரு கூட்டம் நடந்தது. கிணற்று நீர் கெடும் என்று அதில் ஏழு நிமிடம் பேசினேன். பேசிய பெருமையோடு மூன்றே முக்காலுக்கு வீட்டுக்குப் போய், மாட்டைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றினேன். ‘நன்றாகப் பேசினேன்’ என்று நாட்குறிப்பில் வேறு எழுதிவைத்தேன். பிறகு பார்த்தால், கூட்டக் குறிப்பில் ‘எதிர்ப்பு ஏதும் இல்லை’ என்றிருந்தது. கூட்டத்தின் கடைசியில் அதை வாசித்தபோது மறுத்துச் சொல்ல ஊர்க்காரர் ஒருவர்கூட மண்டபத்தில் இல்லை. ஆலை வந்தது. இன்று எங்கள் கிணற்று நீரில் பாத்திரம்கூடக் கழுவ முடியாது.

அந்த ஆத்திரத்தோடுதான் கோவையில் நடந்த ஒரு சந்திப்புக்குப் போனேன். தங்கள் ஊர் மண்ணுக்காகவும் நீருக்காகவும் போராடுகிறவர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்திருந்தார்கள். தங்கள் ஊரில் நெல் அறுக்கும் நாளாகப் பார்த்துக் கூட்டம் வைப்பார்கள் என்றார் ஒடிசாவிலிருந்து வந்த பெண்மணி. மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் வைப்பார்கள் என்றார் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர். எங்களுக்குப் பால் நேரம் என்றேன் நான். எல்லோரும் சிரித்துவிட்டோம். நாங்கள் பாதியில் எழுந்து போக வேண்டும் என்றுதான் அந்த நேரம் என்று பேசிக்கொண்டோம்.

ஆகவே இம்முறை குறிப்பை வாசித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை என்று ஊரில் முடிவு செய்தோம். மணி நான்கானது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாடு கண்ணு இருக்கறவங்க பொறப்படலாமுங்க. நாங்க எழுதிக்கறோம்.”

என் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: “மாடு கத்துனா கத்தீட்டுப் போகுதுங்க. ஏனுங்க சார், உங்களுக்கு ஊட்டுக்கு நேரமாச்சுங்களா?”

ஐந்தேகாலுக்குக் குறிப்பை வாசித்தார்கள். ‘பெரும்பாலோர் வரவேற்றனர்.’

நான் எழுந்து நாட்குறிப்பைத் திறந்தேன். பேசிய முப்பத்தொரு பேரின் பேச்சையும் மணி, நிமிடத்தோடு எழுதியிருந்தேன். வரவேற்றவர்கள் இரண்டே பேர். ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன்.

“அம்மணி, நாளைக்கு ஆபீசுக்கு வாங்களேன், பேசிக்கலாம்” என்றார் அதிகாரி.

“நாளைக்கும் வாரோமுங்க. இன்னைக்கு இதைத் திருத்தி எழுதிப்போட்டுப் போங்க” என்றேன்.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஏழு மணிக்குத் திருத்திய குறிப்பில் கையெழுத்தானது. வீட்டில், மடி கனத்து நின்றிருந்த மாடு என்னை ஓர் உதை விட்டது. சொசைட்டியும் மூடிவிட்டது. அன்றைய பால் அக்கம்பக்கத்துக்குப் போனது.

அந்த ஆலைக்கு இன்றுவரை அனுமதி இல்லை. அடுத்த அறுவடையில், அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு ஒடிசாப் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் படம் என் கைப்பேசிக்கு வந்தது.

அந்த நிறுவனம் மறுபடி விண்ணப்பிக்கும் என்கிறார்கள். விண்ணப்பிக்கட்டும், பேசியதோடு கடமை முடிந்தது என்று நம்பி ஒரு கிணற்றை இழந்தவள் நான், சொன்னது சொன்னபடி எழுத்தில் ஏறும்வரை இனி எந்த மண்டபத்தை விட்டும் என்னை எழுப்ப முடியாது.