எட்டாள் பெட்டி

எங்கள் வீட்டில் கனத்தை ஆள் கணக்கில்தான் சொல்வார்கள். திண்டுக்கல்லில் செய்யும் இரும்புப் பெட்டிகளை, வாங்கியவர்களின் மாடியில் ஏற்றி வைப்பது அப்பாவின் தொழில். நாலு பேர் சேர்ந்து பிடித்தால் தரையை விட்டு எழும்புவது நாலாள் பெட்டி. கயிற்றுக்கும் அதே அளவுதான். அவரிடம் இருந்தது பத்தாள் கயிறு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பொறியியல் முதலாண்டில் மெக்கானிக்ஸ் பாடம். பொருளின் நிறையைக் கிலோவில் சொல்ல வேண்டும். எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை, அதை நியூட்டனில் சொல்ல வேண்டும். முதல் தேர்வில் விசைக்குக் கிலோ என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: அப்பாவின் ஆள் கணக்கு தூக்கும் பலத்தைச் சொல்வது. அது விசைதான். ஓர் ஆள் என்றால் ஏறக்குறைய ஐந்நூறு நியூட்டன். நான் செய்த தப்பை எழுதப் படிக்கத் தெரியாத அப்பா ஒருநாளும் செய்ததில்லை.

அந்த விடுமுறையில் நத்தம் சாலையில் ஒரு ஜவுளிக் கடைக்கு எட்டாள் பெட்டி வந்தது. அதுவரை அப்பா சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் ஏற்றியதெல்லாம் ஆறாள் பெட்டிகள். பெட்டியைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மாடி முகப்பில் தொங்கிய செயின் பிளாக்கின் கொக்கியை நடுவில் மாட்டியிருந்தார்கள். பெட்டிக்கும் கொக்கிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. கயிறு கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. பெட்டி ஏறும்போது அதை ஒட்டி நின்று திருப்பி விடுகிறவர் அப்பா.

நோட்டில் பெட்டியைத் தனியாக வரைந்து, அதன்மேல் வரும் விசைகளுக்கு அம்புக்குறி போட்டுக் கணக்கிட்டேன்.

“அப்பா, இப்படித் தூக்கினா கயித்துல ஒவ்வொரு பக்கமும் பன்னண்டு ஆள் கனம் விழும். நம்ம பத்தாள் கயிறு தாங்காது.”

“எட்டாள் பெட்டியில பன்னண்டு ஆளு எங்கிட்டிருந்துலே வந்தான்?”

“காலேஜுல இருந்து நாலு பேர் வந்திருக்காய்ங்க மச்சான்” என்றார் கூட வேலை செய்யும் மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கடையிலிருந்த தண்ணீர்க் குடத்தை ஒரு கயிற்றின் நடுவில் கட்டினேன். மாமாவிடம் ஒரு முனையையும், வேலைச் செட்டிலேயே பலசாலியான அண்ணன் ஒருவரிடம் மறுமுனையையும் கொடுத்தேன்.

“கயித்த நேராக்குங்க, பாப்போம்.”

இழுத்தார்கள். குடம் எழும்பியது. கயிறு நடுவில் தொய்ந்தே இருந்தது. காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார்கள். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கயிறு நேராகவே இல்லை.

“ஒரு கொடம் தண்ணிக்கா இம்புட்டு?” என்று மாமா கயிற்றை விட்டார். தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் கொட்டியது.

“கயிறு படுக்கப் படுக்க இழுப்பு கூடும் மாமா. நிமித்திக் கட்டினா ஒரு பக்கத்துக்கு அஞ்சு ஆள்கூட வராது.”

அப்பா சிரிக்கவில்லை. பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். தான் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்தார்.

“கயித்த நீட்டு. கொக்கி ரெண்டு முழம் மேல வரட்டும்.”

“கயிறு நீண்டா பெட்டி மாடிச் சுவரத் தாண்டாதே மச்சான்?”

“செயின் பிளாக்க மொட்டமாடிக்கு ஏத்து.”

மொட்டை மாடியில் இரும்புக் கர்டரை வெளியே நீட்டி, பின்பக்கம் கட்டி, செயின் பிளாக்கை மாற்றி மாட்டக் காலைப் பொழுது முழுதும் போயிற்று. படித்தவன் வந்தால் வேலை ரெட்டிப்பு என்று செட்டு முழுக்க என்னைத் திட்டியது. ஆனால் ஒருவரும் பழைய இடத்திலேயே தூக்கலாம் என்று சொல்லவில்லை.

பெட்டி எழும்பியது. அப்பா தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். பெட்டி சுவரைத் தாண்டி உள்ளே போகும்வரை நான் பார்த்தது கயிற்றை மட்டும்தான். அது அசையாமல், இறுக்கமாக, கூரை முகடுபோல நிமிர்ந்து நின்றது.

“ஏம்ப்பா இம்புட்டு நேரம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“எம் மகன் கணக்குப் போட்டுக் குடுத்தான் மொதலாளி. அதும்படிதான் தூக்குனோம்” என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி.

மாமா வியர்வையில் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “ஏலே, அடுத்த பெட்டிக்காச்சும் சீக்கிரமா முடியிற கணக்காப் போடு.”