இரண்டு வகைத் தோள்கவசம்

தோள்கவசத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று தோள்முனையை மட்டும் மூடும். சின்னச் சின்னத் தகட்டுப் பட்டைகளை ரிவிட் அடித்துக் கோத்திருப்பதால் கையோடு சேர்ந்து அசையும். இன்னொன்று கழுத்தடியில் தொடங்கி அக்குள், பாதி மார்பு, பாதி முதுகு என்று எல்லாவற்றையும் ஒரே தகடாக வளைத்துப் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை 1991 புனித வெள்ளியன்று, ஊரே பார்க்க நான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பீரோ பட்டறையில் வேலை. எங்கள் கோயிலின் பாடுகள் நாடகத்தில் நான் நூற்றுவர் தலைவன், அதாவது ரோமானியச் சிப்பாய்களுக்கு மேஸ்திரி. சிலுவையில் இறந்துவிட்ட இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்த வேண்டியது நான்தான். அந்தச் சமயம் பார்த்து வல்லக்கோட்டைப் பக்கம் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் பெண்ணோடு நாடகத்துக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகச் சொல்லியனுப்பினார்கள். விடுவேனா?

சிப்பாய்கள் இருவருக்கும் கழிவுத் தகட்டில் சின்ன கவசம் தட்டிக் கொடுத்தேன். எனக்குப் பெரியது. பீரோ செய்து பழகிய கைக்கு இடுக்கு விட மனசு வராது. பல்லிகூட நுழையாதபடி அடைத்தேன். பீரோவுக்கு அடிக்கும் சாம்பல் பெயின்ட்டையே அதற்கும் அடித்தேன். ஒத்திகையெல்லாம் லுங்கி பனியனில்தான். பெயின்ட் காய்ந்து கவசம் என் தோளில் ஏறியதே நாடகத்தன்றுதான்.

மேடைக்கு வந்ததும், "பீரோ நடந்து வருது டோய்!" என்று ஒரு குரல். பொறாமை பிடித்தவன் என்று விட்டுவிட்டேன். என் கண்ணெல்லாம் முன்வரிசையில் இருந்த பெண் வீட்டார் மேல். குத்தும் கட்டம் வந்தது. ஈட்டியைத் தூக்கினால் கை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. தகடு அக்குளைப் பிடித்துக்கொண்டது. எக்கிப் பார்த்தேன். ஈட்டி இயேசுவின் தொடையில் போய் உரசியது.

சிலுவையில் இருந்தவன் எங்கள் பட்டறை வெல்டர். செத்துப்போயிருக்க வேண்டியவன் நெளிந்தான்.

"டேய், இன்னாடா பண்ற? கூச்சமா கீதுடா!"

மைக் அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சின்ன கவசக்காரன் ஒருவன் என் ஈட்டியைப் பிடுங்கி, கையை நன்றாக ஓங்கி, ஒரே குத்தில் காரியத்தை முடித்தான். கல்யாணம் கைநழுவிவிட்டது, மானமும் போய்விட்டது. நல்லவேளை அன்று உபவாசம். ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். பெண்தான் பிடிவாதமாக நின்றாளாம்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்துக் கேட்டேன்: "அத்தினி பேர் சிரிச்சாங்களே, இன்னாத்தப் பாத்து என்னை ஒத்துக்கினே?"

அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கப்பா கைய ஓங்குனா எவ்ளோ உசரம் போவும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அன்னிக்குத் தூக்கவே வரல. அது போதும்னு தோணிச்சு."

தகடுதான் தூக்க விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முறத்தை என் பக்கம் இழுத்து நானும் கல் பொறுக்கினேன். இன்றுவரை சொல்லவில்லை.